ரிஃப்ளக்ஸ் கேள்வித்தாளை கஜக் மொழிக்கு மாத்துறோம், "நெஞ்செரிச்சல்"ங்கிற ஒரே சொல்லுல மாட்டிக்கிட்டோம்

கரகண்டா_அகிலா
எல்லாருக்கும் வணக்கம். நான் எம்பிபிஎஸ் படிச்சது கஜகஸ்தான்ல, கரகண்டாவுல. இப்ப அல்மாத்தியில கேஸ்ட்ரோ டிபார்ட்மென்ட்ல ரெசிடென்சி பண்றேன். கஜக் பேசுற பேஷண்டுகளுக்காக ஜெர்ட்க்யூங்கிற கேள்வித்தாளை (ரிஃப்ளக்ஸ், அதாவது இரைப்பையில இருக்கிற அமிலம் மேல ஏறுற நோய் இருக்கான்னு பாக்குறது) கொண்டுவரணும்னு எங்க டீம்ல வேலை நடக்குது, உரிமை வச்சிருக்கவங்ககிட்ட அனுமதி எல்லாம் வாங்கியாச்சு. தெரியாதவங்களுக்காக சொல்றேன், மொத்தம் 6 கேள்வி தான். கடந்த 7 நாள்ல எத்தனை நாள் நெஞ்செரிச்சல் வந்துச்சு, எத்தனை நாள் எதுக்களிச்சுச்சு, மேல்வயித்துல நடுவுல வலி, குமட்டல், இதனால ராத்திரி தூக்கம் கெட்டுச்சா, டாக்டர் சொன்னது போக தனியா மருந்து ஏதும் எடுத்தீங்களா. ஒவ்வொண்ணுக்கும் 0 நாள், 1 நாள், 2-3 நாள், 4-7 நாள்னு டிக் அடிக்கணும்.

ரெண்டு பேர் தனித்தனியா மொழிபெயர்த்தாங்க, சேர்த்து ஒண்ணாக்கினோம், வேற ரெண்டு பேர் திரும்ப இங்கிலீஷுக்கு கொண்டுபோனாங்க, அது மூலத்தோட அப்படியே பொருந்திச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் தான் பேஷண்ட் பக்கத்துல உக்காந்து கேட்க ஆரம்பிச்சோம். முதல் நாளே ஒரு அபா வந்தாங்க (இங்க வயசான அம்மாக்களை அபான்னு தான் கூப்பிடணும்), கிராமத்துக்காரங்க, வெளுத்த தலை, பேத்தி கூட வந்திருந்தா. முதல் கேள்வியில நாங்க போட்டிருந்தது "ஜூரெக் கிஜில்தாவ்". ஜூரெக்னா இதயம். கிஜில்னா உள்ள எரியுறது. அகராதியில அப்படித்தான் இருக்கு. அவங்க படிச்சிட்டு "என் இதயம் நல்லா தான் இருக்கு மகளே, போன மாசம் தான் ஈசிஜி எடுத்தாங்க"ன்னு சொல்லி 0 போட்டுட்டாங்க. மூணாவது கேள்வி, மேல்வயித்து வலி, அதுக்கு 4-7 நாள்னு போட்டாங்க. குமட்டலுக்கும் மத்த மூணுக்கும் 0.

எல்லாம் முடிஞ்சு நான் சும்மா "சரி அபா, உங்களுக்கு என்ன தான் பண்ணுது"ன்னு கேட்டேன். கையை தொப்புளுக்கு மேல வச்சாங்க, அங்கேருந்து தொண்டைக்குழி வரைக்கும் மெதுவா இழுத்தாங்க, "இப்படி தீ ஏறுது"ன்னாங்க. எண்டோஸ்கோப்பியில பாத்தா உணவுக்குழாய்ல புண்ணு, லாஸ் ஏஞ்சலிஸ்ங்கிற அளவுல கிரேடு பி (ஏ லேருந்து டி வரை போகும்). அந்த கையை பாத்ததுலேருந்து எனக்கு நிம்மதி இல்ல. நம்ம ஆளுங்க யாராவது தமிழ்ல இந்த மாதிரி பண்ணிருக்கீங்களா?

மதுரை_குடல்டாக்டர்
அகிலாம்மா, நீ சொன்னதை வச்சு ஸ்கோர் போட்டு பாத்தியா? இந்த கேள்வித்தாள்ல ஒரு சங்கதி இருக்கு. நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, தூக்கம், மருந்து இந்த நாலும் நேரா ஏறும், 0 லேருந்து 3 வரை. மேல்வயித்து வலியும் குமட்டலும் தலைகீழா போகும், 0 நாள்னா 3 மார்க், 4-7 நாள்னா 0 மார்க். ஏன்னா அது ரெண்டும் அல்சர், டிஸ்பெப்சியா (அஜீரணம்) பக்கம் இழுக்கிற அறிகுறி. அதனால ஒண்ணுமே இல்லாத ஆரோக்கியமான ஆள் டிக் அடிச்சாலே 6 வரும். 8 அல்லது அதுக்கு மேலன்னா ரிஃப்ளக்ஸ் இருக்க வாய்ப்புன்னு எடுத்துக்கறோம்.

இப்ப உங்க அபாவை பாரு. எரிச்சல் 0, வலி 4-7 நாள் போட்டதால அதுக்கும் 0, குமட்டல் இல்லைன்னதுக்கு 3. மொத்தம் 3. நோயே இல்லாதவனுக்கு 6, உணவுக்குழாய்ல புண்ணோட வந்தவங்களுக்கு 3! அதே எரிச்சலை முதல் கேள்வியில போட்டிருந்தா 3+3+3, 9 வந்திருக்கும். ஒரு சொல்லு, 6 மார்க்.

2009ல இதை வெளியிட்டப்பவே சென்சிடிவிட்டி (நோய் இருக்கவங்களை சரியா பிடிக்கிறது) 65 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி (இல்லாதவங்களை இல்லைன்னு சொல்றது) 71 சதவீதம் தான். அதாவது முதல்லயே நூலிழையில நிக்கிற கருவி, அதுல மொழியும் சறுக்கிச்சுன்னா மிச்சம் ஒண்ணும் இருக்காது.

நம்ம ஓபியிலயும் இதே பாடு தான். "நெஞ்செரிச்சல் இருக்கா"ன்னு கேட்டா பாதி பேர் இல்லம்பாங்க. "நெஞ்சு கரிக்குதா, சாப்பிட்டது புளிச்சு மேல வருதா"ன்னு கேட்டா "ஆமாய்யா தினம் தான்"னு சொல்லுவாங்க. "வயித்தெரிச்சலா"ன்னு கேட்டுட்டேன்னு வையி, பங்காளி வீட்டு கதையை ஆரம்பிச்சிடுவாங்க.

கரகண்டா_அகிலா
சார் அந்த 3 வெர்சஸ் 6 கணக்கை நான் யோசிக்கவே இல்ல. நாளைக்கே டீம்ல சொல்றேன். வயித்தெரிச்சல் சொன்னீங்களே, இங்கயும் அதே தான் சார்! கிஜில்ங்கிற சொல்லுக்கு மனசுக்குள்ள வச்சிருக்கிற ஆத்திரம், குமுறல்னும் அர்த்தம் உண்டு. ஜூரெக்கை வச்சு இன்னும் நிறைய இருக்கு. "ஜூரெக் ஐனு"னா குமட்டல், நேரா சொன்னா இதயம் புரள்றது. பசி தாங்கலைன்னா இதயம் கறுக்குதும்பாங்க, ரெண்டு வாய் சாப்பிட்டு சமாளிக்கிறதை இதயத்தை இணைக்கிறதும்பாங்க. ஆக வயிறு சம்பந்தமான பாதி விஷயம் இதயத்துல தான் நடக்குது.

செமேய்_மாணவன்
அக்கா ஒரு சந்தேகம், நான் செமேய்ல நாலாவது வருஷம் படிக்கிறேன். இங்க வார்டுல எல்லாரும் நெஞ்செரிச்சலுக்கு "இஜோகா"ன்னு ரஷ்ய சொல்லை தானே சொல்றாங்க, கஜக்ல பேசும்போதும் நடுவுல அதை தான் போடுறாங்க. ரஷ்ய மொழி கேள்வித்தாளையே கொடுத்துட்டா போதாதா, எதுக்கு இவ்ளோ சிரமம்?

கரகண்டா_அகிலா
தம்பி நானும் முதல்ல அப்படி தான் நினைச்சேன். செமேய், கரகண்டா, அல்மாத்தி டவுன்ல ஓகே. கிசில்ஓர்தா, துர்கிஸ்தான் பக்கத்து கிராமத்துலேருந்து வர்றவங்களுக்கு ரஷ்ய மொழி காதுல விழுந்திருக்கும், ஆனா ஒரு பக்கம் முழுக்க படிச்சு "கடந்த 7 நாள்ல எத்தனை நாள்"னு கணக்கு போட்டு டிக் அடிக்கிற அளவுக்கு எல்லாருக்கும் வராது. அப்புறம் கந்தாஸ்னு சொல்ற தாயகம் திரும்பினவங்க, சீனாவுலேருந்தும் மங்கோலியாவுலேருந்தும் வந்த கஜக் குடும்பங்க, அவங்கள்ல நிறைய பேருக்கு ரஷ்யன் சுத்தமா தெரியாது.

இன்னொண்ணு நான் கவனிச்சது, இஜோகான்னு சொல்ற எல்லாரும் ஒரே விஷயத்தை சொல்லல. ஒருத்தர் புளிச்ச ஏப்பத்துக்கு சொல்றார், ஒருத்தர் வயிறு உப்புசத்துக்கு சொல்றார். சொல் தெரிஞ்சிருக்குங்கிறதும் அர்த்தம் ஒண்ணா இருக்குங்கிறதும் வேற வேற.

யாழ்_மொழிபெயர்ப்பாளர்
பிள்ளை அகிலா, நான் இருபது வருசமா மொழிபெயர்ப்பு வேலை செய்யிறன், வைத்தியப் படிவங்களும் கனக்கச் செய்திருக்கிறன். உங்கட பதிவில எனக்குப் பட்டது ஒண்டு. திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டு போகேக்க மூலத்தோட அப்பிடியே பொருந்தினது எண்டு சந்தோசப்பட்டனீங்கள். அங்கதான் பிழை ஒளிச்சிருந்தது. "ஹார்ட்பர்ன்" எண்டதை தமிழில "இதய எரிவு" எண்டு ஒருத்தர் போட்டார் எண்டு வையுங்கோ. அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்தச் சொன்னால் எந்த மொழிபெயர்ப்பாளரும் "ஹார்ட்பர்ன்" எண்டு தான் எழுதுவார், நூற்றுக்கு நூறு பொருந்தும். ஆனா யாழ்ப்பாணத்தில ஒரு அம்மாவிட்ட "இதய எரிவு இருக்கோ" எண்டு கேட்டால் அவ பயந்து போவா. அவவின்ர சொல் நெஞ்செரிவு, இல்லாட்டி "புளிச்சுக்கொண்டு மேல வருது". சொல்லுக்குச் சொல் போட்ட மொழிபெயர்ப்புத்தான் இந்தச் சோதனையில திறமாச் சித்தியடையும். நல்ல மொழிபெயர்ப்பு சிலவேளை வேற மாதிரித் திரும்பி வரும்.

2000ஆம் ஆண்டு பீட்டன் குழு கேள்வித்தாள் மொழிபெயர்ப்புக்கு எழுதின வழிகாட்டியில கடைசிப் படியா 30-40 பேரிட்டக் குடுத்து, என்ன விளங்கினது எண்டு ஒவ்வொருத்தரிட்டயும் விசாரிக்கச் சொல்லியிருக்கு. கனபேர் அதைச் சடங்கு மாதிரிச் செய்துபோட்டு விடுவினம். நீங்கள் அந்த அபாவிட்டத் திரும்பக் கேட்டனீங்கள் பாருங்கோ, அது தான் வேலை.

மதுரை_குடல்டாக்டர்
ஐயா சொன்னது ரொம்ப சரி. அதோட நான் ஒண்ணு சேர்த்துக்கறேன், 1998ல கார்ல்சன் – டென்ட் கேள்வித்தாள் வந்தப்பவே அவங்க பேரை நம்பி நிக்கல. இரைப்பையிலேருந்தோ நெஞ்சோட அடிப்பகுதியிலேருந்தோ கழுத்தை நோக்கி ஏறுற எரிச்சல்னு உணர்வை விவரிச்சு கேட்டாங்க. இங்கிலீஷ் பேசுறவங்களுக்கே ஹார்ட்பர்ன்னா என்னன்னு சரியா புரியறதில்லங்கிறதால தான். அபாவோட கை காட்டினதும் அதே வரி தான் பாரு, கீழேருந்து மேல. அந்த கையை அப்படியே கஜக்ல எழுது.

எண்_கணக்கன்
அகிலாக்கா வணக்கம், நான் பயோஸ்டாட்ஸ் ஆளு. உங்க பேப்பரை பாக்குற ரிவ்யூவர் முதல்ல கிரான்பாக் ஆல்ஃபா எவ்ளோன்னு கேப்பாரு, 0.7க்கு கம்மியா வந்தா மொழிபெயர்ப்பு சரியில்லன்னு சொல்லவும் செய்வாரு, அதுக்கு பயந்து வார்த்தையை மாத்தாதீங்க. ஆல்ஃபாங்கிறது எல்லா கேள்வியும் ஒரே விஷயத்தை அளக்குதுன்னு வச்சுக்கிட்டு போடுற கணக்கு. இதுல வலி, குமட்டல் ரெண்டு கேள்வியும் எதிர் திசையில நிக்குது, அது போக ஒரு கேள்வி தூக்கத்தை பத்தி, இன்னொண்ணு மருந்தை பத்தி. இயல்பாவே கம்மியா தான் வரும். ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப கொடுத்து, ரெண்டு தடவையும் ஸ்கோர் ஒத்துப்போகுதான்னு ஐசிசிங்கிற கணக்கு பாக்கிறது இதுக்கு பொருத்தம், ஆனா நடுவுல பிபிஐ மாத்திரை (அமிலம் சுரக்கிறதை குறைக்கிறது) ஆரம்பிச்சவங்களை அதுல சேர்க்கக்கூடாது, அவங்க நிஜமாவே மாறிட்டாங்க.

கட்ஆஃப் 8ங்கிறதையும் அப்படியே தூக்கிட்டு வராதீங்க. எண்டோஸ்கோப்பி, முடிஞ்சா பிஹெச் மானிட்டரிங் (உணவுக்குழாய்ல ஆசிட்டை அளக்கிறது) வச்சு உங்க ஆளுங்ககிட்ட எங்க வெட்டுதுன்னு பாருங்க.

மதுரை_குடல்டாக்டர்
ஆமா. ரிஃப்ளக்ஸை எப்படி உறுதி பண்றதுன்னு நிபுணர்கள் சேர்ந்து எழுதின லியோன் கன்சென்சஸ் ரெண்டாம் பதிப்பு படி கிரேடு பி, சி, டி புண்ணு, இல்லன்னா உணவுக்குழாய்ல ஆசிட் இருக்கிற நேரம் 6 சதவீதத்துக்கு மேல, இதுல எது இருந்தாலும் ரிஃப்ளக்ஸ் நிச்சயம். உங்க அபாவுக்கு பி வந்திருக்கு, அவங்களை வச்சே ஆரம்பிக்கலாம்.

கரகண்டா_அகிலா
நாலு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், ட்யூட்டி. நிறைய நடந்துச்சு.

டீம்ல ஒரு பெரிய வாக்குவாதம். இஜோகாவை கஜக் தாள்ல அடைப்புக்குள்ள போடலாமா கூடாதான்னு. என் கூட வேலை பாக்குற கஜக் டாக்டர் ஒருத்தர் கண்ணு கலங்கி பேசினார், "எங்க பாட்டி ஆஸ்பத்திரிக்கு போனா ரஷ்யன் தெரியாம வாயை மூடிட்டு உக்காந்திருப்பாங்க, இப்ப முதல் முறையா எங்க மொழியில ஒரு தாள் வருது, அதுலயும் ரஷ்ய சொல்லா"ன்னு. எனக்கு அது ஆழமா பட்டுச்சு, நம்ம ஊர்லயும் தாய்மொழியில நோயை சொல்லமுடியாம நின்னவங்களை பாத்திருக்கேன். அதே நேரம் பேஷண்டுக்கு புரியணுமே. கடைசியில ரெண்டு சொல்லுமே வேணாம்னு முடிவாச்சு, இஜோகாவும் வேணாம், கிஜிலும் வேணாம், உணர்வை மட்டும் எழுதுவோம்.

அதை எழுத உக்காந்தா அடுத்த சிக்கல். "இரைப்பையிலேருந்து தொண்டையை நோக்கி"ன்னு எழுதணும். இரைப்பைக்கு "அஸ்கஸான்", எனக்கு ரொம்ப பிடிச்ச சொல் அது, அஸ்னா சாப்பாடு, கஸான்னா பெரிய அண்டா, சோத்து அண்டா! தொண்டைக்கு பேச்சுல "தமாக்"னு தான் சொல்லுவாங்க. ஆனா தமாக்னா சாப்பாடுன்னும் அர்த்தம். எதுக்களிப்பு கேள்வியை முதல்ல எழுதினவர் "சாப்பிட்டது தொண்டைக்கு வர்றது"ன்னு எழுதப்போய் தமாக் தமாக்குக்கு வருதுன்னு நின்னுச்சு. அப்புறம் தொண்டைக்கு "கொமெய்"னும் சாப்பாட்டுக்கு "அஸ்"னும் மாத்தினோம். எதுக்களிப்புக்கு தனியா ஒரே சொல் போட்டா குழப்பம் தான், "கெகிரு"ன்னா வெறும் ஏப்பம், "லோக்ஸு"ன்னா ஓங்கரிப்பு. அதனால அங்கயும் விவரிச்சு, புளிப்பாவோ கசப்பாவோ தண்ணி இல்ல சாப்பாடு தானா கொமெய் வரைக்கும் ஏறி வர்றதுன்னு எழுதினோம். "தானா"ங்கிறது முக்கியம், வாந்தியை தள்ளி வைக்கணும்ல.

ஒரு ஆறுதல், கஜக் வாக்கியம் நம்ம தமிழ் மாதிரியே. வினை கடைசியில, வேற்றுமை எல்லாம் சொல்லோட வாலுல ஒட்டும், நீ – நீங்க மாதிரி சென் – சிஸ் உண்டு. இங்கிலீஷ் வரியை கஜக்குக்கு போடும்போது முதல்ல மனசுக்குள்ள தமிழ்ல போட்டுக்கிட்டேன், வரிசை அப்படியே உக்காந்துச்சு.

யாழ்_மொழிபெயர்ப்பாளர்
"நோக்கி ஏறுது" எண்ட திசையை விட்டிடாதேங்கோ பிள்ளை. அதோட "கடந்த 7 நாள்" எண்டதை "கிழமை" எண்டு மாத்தினவையோ பாருங்கோ. கிழமை எண்டால் ஆக்கள் திங்களில இருந்து எண்ணத் தொடங்குவினம். செவ்வாய்க்கிழமை வாற நோயாளிக்கு ரெண்டு நாள் தான் கணக்கில வரும்.

கரகண்டா_அகிலா
ஐயோ ஐயா, மாத்தி தான் இருந்துச்சு! ஒருத்தரோட முதல் வடிவத்துல "ஆப்தா"ன்னு வாரம் தான் போட்டிருந்தாங்க. 7 நாள்னு திருத்தியாச்சு. ரொம்ப நன்றி.

மதுரை_குடல்டாக்டர்
திசைங்கிறது இந்த ஊருக்கு இன்னும் முக்கியம் அகிலாம்மா. ஈரான்லேருந்து மத்திய ஆசியா வழியா வட சீனா வரைக்கும் உணவுக்குழாய் புற்றுநோய் பட்டைன்னு ஒண்ணு இருக்கு, கஜகஸ்தான் அதுக்குள்ள வருது, மேற்கே அதிராவ் பக்கமெல்லாம் சோவியத் காலத்துலயே பேசப்பட்டது. அங்க டீ எப்படி குடிக்கிறாங்க?

கரகண்டா_அகிலா
பால் ஊத்தின கெட்டி டீ சார், கெஸெங்கிற கைப்பிடி இல்லாத சின்ன கிண்ணத்துல. நிறைய ஊத்தினா ஆறிடும்னு கால் கிண்ணம் தான் ஊத்துவாங்க, மருமக பக்கத்துலயே உக்காந்து திரும்ப திரும்ப சூடா ஊத்திட்டே இருப்பா. அது மரியாதை. விருந்தாளி குடிக்கிற ஒவ்வொரு வாயும் கொதிக்க கொதிக்க இருக்கும்.

மதுரை_குடல்டாக்டர்
அதான் கேட்டேன். 65 டிகிரிக்கு மேல சூடான பானம் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்குன்னு 2016ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கு. உங்க தாள்ல வெறும் "நெஞ்சுல எரிச்சல்"னு போட்டா, டீ கீழ இறங்கும்போது எரியுறவங்களும் ஆமான்னு டிக் அடிப்பாங்க. இறங்கும்போது எரியுறது, முழுங்க அடைக்கிறது, இதெல்லாம் பிபிஐ கொடுத்து அனுப்புற கேஸ் இல்ல, நேரா எண்டோஸ்கோப்பி. ஜெர்ட்க்யூல முழுங்குறதை பத்தி கேள்வியே கிடையாது. அதை உள்ள திணிக்க வேணாம், ஸ்கோர் கெட்டுடும், ஆனா தாளுக்கு வெளிய தனியா ஒரு கட்டம் போட்டு முழுங்க சிரமம், எடை குறைஞ்சது, ரத்த வாந்தி, கறுப்பா மலம் போறது எல்லாம் கேட்டுடுங்க. இதை மட்டும் கண்டிப்பா பண்ணு.

கரகண்டா_அகிலா
கண்டிப்பா சார். எழுதி வச்சுட்டேன்.

செமேய்_மாணவன்
அக்கா மருந்து கேள்விக்கு என்ன போட்டீங்க? மூலத்துல அமெரிக்கா பிராண்டு பேர் இருக்கே, இங்க யாருக்கும் தெரியாது.

கரகண்டா_அகிலா
நல்ல கேள்வி தம்பி. அதை எடுத்துட்டு இங்க மருந்துக்கடையில கிடைக்கிற ரென்னி, கவிஸ்கான், அல்மகெல் போட்டோம். ஆனா பெரிய விஷயம் சோடா. சமையல் சோடாவை தண்ணியில கரைச்சு குடிக்கிறது இங்க வீட்டுக்கு வீடு உண்டு. சாரியகாஷ் மினரல் வாட்டரையும் வயித்துக்குன்னே வாங்கி குடிப்பாங்க. சோடாவை மருந்துன்னு அவங்க நினைக்கிறதே இல்ல, அது அடுக்களையில இருக்கிற பொருள். அதனால "மருந்து எடுத்தீங்களா"ன்னு கேட்டா இல்லைன்னு தான் பதில். என் கருத்து, எரிச்சலை அடக்க எடுத்தா அது மருந்து தான், சோடாவை பேர் சொல்லி கேக்கணும். மினரல் வாட்டரை விட்டுட்டோம், சாப்பாட்டோடயே குடிக்கிறாங்க, பிரிக்க முடியல.

எண்_கணக்கன்
சோடா சேர்த்தது சரி. ஆனா மூலத்துலேருந்து விலகுறீங்கன்னு பேப்பர்ல காரணத்தோட எழுதிடுங்க. அப்புறம் எந்த மாசத்துல ஆள் சேர்க்கறீங்கங்கிறதையும். ரமலான்ல 7 நாள் கணக்கு வேற மாதிரி வரும்ல?

கரகண்டா_அகிலா
ஆமா, நோன்பு துறக்கிற நேரத்துல மொத்த சாப்பாடும் ராத்திரிக்கு போயிடும். அது போக நவம்பர், டிசம்பர்ல "சோகிம்"னு குளிர்காலத்துக்கு குதிரை வெட்டுவாங்க, ஒவ்வொரு வீடா விருந்து, கஸியும் (குதிரைக்கறி தொத்திறைச்சி) பெஷ்பர்மாக்கும் (கறியும் மாவுத்துண்டும்) ராத்திரி பத்து மணிக்கு மேல. முதல் தடவை சோகிம் நேரத்துலயும் ரெண்டாவது தடவை அது முடிஞ்சும் கொடுத்தா ஐசிசி கெட்டுடும். அப்புறம் ரமலானும் வருது. அதனால ரெண்டையும் தவிர்த்து தேதி போட்டிருக்கோம்.

கரகண்டா_அகிலா
இன்னைக்கு அந்த அபா ஃபாலோ அப்புக்கு வந்தாங்க. மாத்திரையில நல்லா இருக்காங்க, அதனால இப்போதைய 7 நாளை கேக்காம, முதல் தடவை வந்தப்ப இருந்த வாரத்தை நினைச்சு பாத்து சொல்லுங்க அபான்னு புது வடிவத்தை வாய்விட்டு படிச்சு காமிச்சேன். (ஞாபகத்துல சொல்றது ஆராய்ச்சி கணக்குல வராது, தெரியும், எனக்கு புரிஞ்சுக்கறதுக்காக மட்டும்.) "தொஸ் எலும்புக்கு (நெஞ்செலும்புக்கு) பின்னால, அஸ்கஸான்லேருந்து கொமெய் நோக்கி ஏறுற எரிச்சல்"னு படிக்கும்போதே அவங்க கை தானா எழும்பிடுச்சு, அன்னைக்கு மாதிரியே கீழேருந்து மேல இழுத்து "ம்ம், இது தான், இது தான்"னாங்க. 4-7 நாள். மேல்வயித்து வலி இல்ல, குமட்டல் இல்ல. தூக்க கேள்வியை அன்னைக்கு 0ன்னு போட்டிருந்தாங்க, ஏன்னா அந்த கேள்வியும் முதல் கேள்வியோட சொல்லை தானே பிடிச்சு தொங்குது, அது புரியலைன்னா இதுவும் போச்சு. இப்ப கேட்டா ரெண்டு மூணு ராத்திரி எழுந்து சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காங்க. சோடா? "தினம் தான், அது மருந்தா மகளே?"

3, 0, 3, 3, 2, 3. கூட்டி பாருங்க. 14. முதல் தாள்ல 3.

மதுரை_குடல்டாக்டர்
14க்கும் 3க்கும் நடுவுல ஒரு மனுஷி ராத்திரி சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்திருக்காங்க. நல்ல வேலை பண்ணிருக்க தாயி.

யாழ்_மொழிபெயர்ப்பாளர்
வாசிக்கச் சந்தோசமாக் கிடக்கு பிள்ளை. எழுத்து விசயம் யோசிச்சனீங்களோ? சீனாவில இருந்து வந்த ஆக்கள் சிரிலிக் வாசிப்பினமோ?

கரகண்டா_அகிலா
அங்க படிச்ச பெரியவங்களுக்கு அரபு எழுத்துல தான் கஜக் வாசிக்க வரும் ஐயா, இங்க 42 எழுத்து சிரிலிக், போதாததுக்கு லத்தீனுக்கு மாத்தணும்னு 2017லயே ஆணை போட்டு இன்னும் மாறிட்டு இருக்கு. ஒரே மொழிக்கு மூணு எழுத்து. அதனால தாளோட வாய்விட்டு வாசிக்கிற வடிவமும் சேர்த்து சோதிக்கிறோம், பேத்தியோ மருமகளோ வாசிக்கக்கூடாது, நர்ஸ் தான் வாசிக்கணும்னு வச்சிருக்கோம். மாமனார் முன்னாடி மருமக வயித்து பிரச்சனையை வாசிச்சா ரெண்டு பேருமே பாதியை விட்டுடறாங்க.

அடுத்த வாரம் கிசில்ஓர்தா போறோம், ரயில்ல. அங்க பேச்சு கொஞ்சம் வேறன்னு சொல்றாங்க, கொமெய்ங்கிற சொல் அங்க இருக்கிறவங்களுக்கு சட்டுனு பிடிபடுதான்னு பாக்கணும். பிடிபடலைன்னா திரும்ப இங்க வந்து கேப்பேன்.